புராஸ்டேட் அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவு: மின்தூண்டல் சிகிச்சையை எந்த வரிசையில் செய்வது

"மெஷின் வாங்கிவிட்டேன், எத்தனையில் வைக்க வேண்டும்?" புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு கசிவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் என்னிடம் முதலில் கேட்பது இதுதான். உண்மையில் இது ஆறாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இடுப்புத் தளத் தசைகளுக்கு, அதாவது சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளுக்கு, பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்தவரை, மெஷின் பழுதாகிச் சிகிச்சை கெட்டது அபூர்வம். வரிசை மாறித்தான் கெடும்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சரிசெய்துகொள்வோம். அறுவைக்குப் பிந்தைய கசிவு பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 12 மாதங்களில் தானாகவே நன்றாகக் குறைகிறது. அதை விரைவுபடுத்துவதில் முதல் இடம் தசைப் பயிற்சிக்குத்தான். மின்தூண்டல், அதாவது மெஷினிலிருந்து லேசான கரண்ட் கொடுத்துத் தசையையோ நரம்பையோ தூண்டுவது, அதற்குத் துணை. பயிற்சியோடு சேர்த்தால் ஆரம்ப மாதங்களில் சிலருக்கு முன்னேற்றம் சீக்கிரம் தெரிகிறது. ஆறு மாதம் தாண்டினால் அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. ஒரு வருடத்துக்கு மேல் கசிவு நீடித்த ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. அதில் பயிற்சியும் சிறுநீர்ப்பைப் பழக்கங்களும் கற்றவர்களுக்குக் கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கூடவே மின்தூண்டலும் பயோஃபீட்பேக்கும் (தசை சுருங்குவதைக் கருவியில் காட்டிப் பழக்குவது) பெற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் மெஷின் எதற்கு? தன் தசை எங்கே இருக்கிறது என்றே பிடிபடாதவருக்கு அதைக் காட்டிக்கொடுக்க. அடக்க முடியாத அவசரம் இருப்பவருக்குச் சிறுநீர்ப்பையைச் சற்று அமைதிப்படுத்த. இந்த இரண்டுக்கும்தான்.

1. கசிவு எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

புராஸ்டேட்டை முழுதாக அகற்றும்போது சிறுநீர்ப்பையின் கழுத்தில் இருந்த உள் சுருக்குத் தசையும் பெரும்பாலும் கூடவே போய்விடுகிறது. அதன் பிறகு பூட்டு என்று மிஞ்சுவது கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள வெளிச் சுருக்குத் தசையும், அதைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகளும்தான். இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால், கனம் தூக்கினால் கசிகிறது என்றால் இந்தப் பூட்டுக்குப் பலம் போதவில்லை. இது அழுத்தக் கசிவு.

திடீரென்று முட்டிக்கொண்டு வருகிறது, கழிப்பறை வாசலுக்குள் நனைந்துவிடுகிறது என்றால் அது அவசரக் கசிவு. இங்கே பூட்டைவிடச் சிறுநீர்ப்பையின் சுவர்தான் பிரச்சினை. நேரம் கெட்ட நேரத்தில் அது சுருங்குகிறது. புராஸ்டேட்டை உள்ளிருந்து சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. அறுவைக்குப் பிறகு வருவது பெரும்பாலும் இந்த வகைதான். பலருக்கு அது சில வாரங்களில் அடங்கிவிடும்.

இரண்டு வகைக்கும் கரண்டின் அலைவெண் (விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது) வேறு. வகை தெரியாமல் மெஷினைப் போட்டால், பலமில்லாத தசைக்கு அமைதிப்படுத்தும் கரண்டைக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னும் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மெஷின் வேண்டாம். சிறுநீர் மெல்லிய நூலாக வருகிறது, போய்விட்டு வந்தும் வயிறு கனக்கிறது, சொட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் பை காலியாகாமல் நிரம்பி வழியலாம். முதலில் யூராலஜிஸ்டை (சிறுநீர்ப் பாதை டாக்டரை) பாருங்கள். போய்விட்டு வந்து நான்கு அடி நடந்ததும் உள்ளாடையில் சில சொட்டுகள் விழுந்தால், அது குழாயின் வளைவில் தங்கிய மிச்சம். விரைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து முன்பக்கமாக அழுத்தித் தள்ளிவிட்டு எழுந்தால் போதும். இதற்குப் போய் மூன்று மாதம் மின்தூண்டல் எடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

2. தொடங்கும் முன் மூன்று நாள் கணக்கு எழுதுங்கள்

எப்போது என்ன குடித்தீர்கள், எப்போது எவ்வளவு போனீர்கள், எப்போது எதனால் கசிந்தது. இந்த மூன்றையும் மூன்று நாள் எழுதினால் கசிவின் வகை அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

அதில் ஒரு நாள், கசிவுக்கு வைக்கும் பேடுகளை எடை போடுங்கள். காய்ந்த பேடின் எடையைக் குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்தில் பயன்படுத்திய எல்லா பேடுகளையும் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் சேருங்கள். திறந்து வைத்தால் ஈரம் ஆவியாகிக் கணக்கு தப்பும். மொத்த எடையில் பையின் எடையையும் காய்ந்த பேடுகளின் எடையையும் கழியுங்கள். 1 கிராம் என்பது ஏறக்குறைய 1 மில்லி சிறுநீர்.

பேடின் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. ஒருவர் இரண்டு சொட்டுக்கே மாற்றுவார். இன்னொருவர் கனத்துத் தொங்கும்வரை வைத்திருப்பார். இருவருமே "நாளைக்கு நாலு பேட்" என்றுதான் சொல்வார்கள். இந்த எடையை நான்கு வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். தினமும் எடுப்பவர்கள் ஒரு மோசமான நாளைக் கண்டு மனம் உடைந்து பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

3. உங்களுக்குக் கூடுமா என்று கேட்டுவிடுங்கள்

அறுவை செய்த டாக்டரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கவே கூடாது. கதீட்டர் (சிறுநீரை வெளியேற்ற வைக்கும் குழாய்) உள்ளே இருக்கும்வரை மின்தூண்டலும் இல்லை, தசைப் பயிற்சியும் இல்லை. கதீட்டரைப் பெரும்பாலும் 1 முதல் 2 வாரத்தில் எடுப்பார்கள். அதன்பின் மென்மையான பயிற்சியை ஆரம்பிக்கலாம். ஆனால் ஆசனவாய் வழியாக எதையும் நுழைக்க அது போதாது. சிறுநீர்ப்பையையும் குழாயையும் சேர்த்துத் தைத்த இடம் மலக்குடலின் முன்சுவரை ஒட்டியே இருக்கிறது. அது ஆறும்வரை, குறைந்தது 6 வாரமாவது, ப்ரோபை (ஆசனவாய்க்குள் வைத்துக் கரண்ட் கொடுக்கும் சிறு கருவியை) தொடாதீர்கள். டாக்டர் இன்னும் தள்ளிப்போடச் சொன்னால் அதுதான் கணக்கு.

இதயத்தில் பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ இருந்தால் கூடாது. சிறுநீர்த் தொற்று இருந்தால் அது தீரும்வரை கூடாது. பை சரியாகக் காலியாகாதவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், காலில் ரத்தக்கட்டு இருப்பவர்கள், அந்தப் பகுதியில் உணர்ச்சியே இல்லாதவர்கள் விலகி இருக்க வேண்டும். உணர்ச்சி இல்லாவிட்டால் தோல் புண்ணாவது தெரியாது. வலிப்பு நோய் இருந்தால் தவறாமல் சொல்லுங்கள். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை) அளவு மீண்டும் ஏறுகிறது, புற்று மிச்சமிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் கரண்ட் கொடுக்கலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூலமோ ஆசனவாய் வெடிப்போ இருந்தாலும், கதிர்வீச்சு எடுத்திருந்தாலும் ப்ரோப் வேண்டாம். கதிர்வீச்சு பட்ட மலக்குடல் சுவர் சிறு உரசலுக்கே ரத்தம் கசியக்கூடியது. வேறு வழிகள் 5ஆவது படியில் இருக்கின்றன.

4. கரண்ட் இல்லாமல் தசையைத் தேடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நான் அதிக நேரம் செலவழிப்பதும் இங்கேதான்.

முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். ஆண்குறியை உடம்புக்குள் இழுத்துக் குட்டையாக்குவதுபோல நினைத்துக்கொண்டு, ஓடும் சிறுநீரை நிறுத்துவதுபோல மெதுவாகச் சுருக்குங்கள். "ஆசனவாயை இறுக்கு" என்று சொன்னால் ஆண்கள் பின்பக்கத்தை மட்டும் இறுக்குவார்கள். வாயுவை அடக்க அது உதவும். சிறுநீரை அடக்கும் தசை முன்னால் இருக்கிறது.

சரியாகச் செய்தால் ஆண்குறியின் அடிப்பகுதி லேசாக உள்ளே போகும், விரைகள் சற்றே மேலேறும். கண்ணாடி பிடித்துப் பார்க்கலாம். விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் விரல் வைத்தால் அந்த இடம் விரலைவிட்டு உள்நோக்கி எழும்புவது தெரியும். வயிறு கல்லாகிறதா, மூச்சை அடக்குகிறீர்களா, பிட்டம் இறுகுகிறதா? அப்படியானால் பலமாக முயல்கிறீர்கள். பாதி பலத்தில் செய்து பாருங்கள்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது தசையை ஒருமுறை அடையாளம் காண மட்டும். தினப் பயிற்சியாக்கினால் பை முழுதாகக் காலியாகும் பழக்கம் கெடும்.

ஒரு வாரம் இப்படித் தேடுங்கள். 8, 10 விநாடி பிடித்துவைக்கவும், விட்டதும் தசை தளர்வதை உணரவும் முடிகிறதா? உங்கள் கசிவும் அழுத்தக் கசிவுதானா? அப்படியென்றால் மெஷினுக்கான பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியைத் தொடருங்கள். எதுவுமே பிடிபடவில்லை, அல்லது இரண்டு விநாடிக்கு மேல் நிற்கவில்லை என்றால் அடுத்த படி உங்களுக்குத்தான்.

5. எந்த வழியாகக் கொடுப்பது

ஆசனவாய் ப்ரோப்: தசைக்கும் அதன் நரம்புக்கும் மிக அருகில் இருப்பதால் குறைந்த கரண்டிலேயே நல்ல சுருக்கம் வரும். அழுத்தக் கசிவுக்கு அதிகம் பயன்படுவது இதுதான். ஆண்களுக்கான ஒல்லியான ப்ரோபாகக் கேட்டு வாங்குங்கள். பெண்களுக்கான ப்ரோப் உருவமே வேறு. ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது.

ஒட்டும் எலக்ட்ரோடு (தோலில் ஒட்டிக் கரண்ட் கொடுக்கும் தகடு): ப்ரோப் கூடாதவர்களுக்கும் கூச்சப்படுபவர்களுக்கும். ஒன்றை விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், மற்றதை வால் எலும்புக்கு மேலுள்ள தட்டையான எலும்பின் மேல் ஒட்டலாம். அங்கே முடியைக் கத்தரியால் குறைத்துக்கொள்ளுங்கள். ரேஸர் போட்டால் கீறல் விழுந்து எரியும்.

கணுக்கால் வழி: அவசரக் கசிவுக்கு மட்டும். உள்கணுக்கால் எலும்புக்கு மூன்று விரல் மேலே ஒரு எலக்ட்ரோடு, குதிகாலின் உட்பக்கம் ஒன்று. அந்த வழியே போகும் நரம்பின் வேர்களும் சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்பு வேர்களும் முதுகெலும்பின் அடியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. கால் பெருவிரல் மடங்குவதும் உள்ளங்காலில் சுரீரென்று பரவுவதும் சரியான இடம் என்பதற்கு அடையாளம். ஊசி வைத்துச் செய்வது கிளினிக்கில், வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம். இருமினால் கசிகிறவர் இதைச் செய்து பயனில்லை.

6. மெஷினை அமைப்பது

அழுத்தக் கசிவுக்கு அலைவெண் 50 ஹெர்ட்ஸ் அளவில், துடிப்பின் அகலம் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) 200 முதல் 300 மைக்ரோசெகண்ட், 5 விநாடி கரண்ட், 10 விநாடி ஓய்வு. ஓய்வு ஏன் இரண்டு மடங்கு? மெஷின் தரும் சுருக்கத்தில் அதே தசை நார்கள் திரும்பத் திரும்ப ஒன்றாக இழுக்கப்படுவதால், நாமாகச் சுருக்குவதைவிடச் சீக்கிரம் களைத்துவிடுகின்றன. களைத்த தசை அன்று மாலை இன்னும் அதிகமாகக் கசியவிடும்.

அவசரக் கசிவுக்கு ப்ரோபிலோ எலக்ட்ரோடிலோ 10 ஹெர்ட்ஸ் அளவு. கணுக்காலில் 20 ஹெர்ட்ஸ், 200 மைக்ரோசெகண்ட். இங்கே தசை வலுவாகச் சுருங்க வேண்டிய அவசியமில்லை. நரம்புக்குச் சேதி போனால் போதும்.

இரண்டும் கலந்திருந்தால் உங்களை அதிகம் நனைப்பது எது என்று மூன்று நாள் கணக்கைப் பாருங்கள். அதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வாரம் 10 நிமிடம், பிறகு 15 முதல் 20 நிமிடம். கிளினிக்கில் வாரம் 2 அல்லது 3 முறை. வீட்டில் செய்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆரம்பிக்கலாம். உங்கள் பிசியோதெரபிஸ்ட் வேறு எண்களைக் கொடுத்திருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் தசையைத் தொட்டுப் பார்த்தவர், நான் பார்க்கவில்லை.

மில்லிஆம்பியரை மட்டும் யாரிடமிருந்தும் காப்பியடிக்காதீர்கள். தசை, ஜெல், ப்ரோபின் நிலை எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். ஒரே ஆளுக்கே நேற்றைய எண் இன்று பொருந்தாது. வாங்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: வலிக்கென்று விற்கும் சாதாரண டென்ஸ் மெஷின்கள் பலவற்றில் கரண்டும் ஓய்வும் மாறி மாறி வரும் அமைப்பு இருக்காது. ப்ரோபைச் செருக முடிகிறது என்பதற்காக அது இந்த வேலைக்கானது ஆகிவிடாது.

7. ஒரு அமர்வை நடத்துவது

முதலில் மலமும் சிறுநீரும் கழித்துவிட்டு வாருங்கள். மலக்குடலில் மலம் இருந்தால் ப்ரோப் சுவரைத் தொடாமல் நிற்கும். கரண்ட் விட்டு விட்டு வரும்.

மெஷின் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ப்ரோபின் உலோகப் பகுதியில் தண்ணீர் சார்ந்த ஜெல்லைத் தடவுங்கள். வாசலினும் எண்ணெயும் கரண்டைத் தடுக்கும். சுத்தம் என்று நினைத்து ஆணுறை மாட்டுகிறவர்கள் உண்டு, அதுவும் தடுக்கும். பிறகு "மெஷின் வேலை செய்யவில்லை" என்று அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

இடதுபக்கம் ஒருக்களித்து முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி ப்ரோபை நுழையுங்கள். விளிம்பு வெளியே நிற்கும்வரை போனால் போதும். பிறகு மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள்.

அளவைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள், அதுவும் கரண்ட் ஓடும் 5 விநாடிக்குள் மட்டும். ஓய்வு நேரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால், அடுத்த சுற்று தொடங்கும்போது மொத்தமும் ஒரே அடியாக வந்து விழும். முதல் நாளே இப்படி அடிபட்டு, ப்ரோபைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வராதவர் ஒருவர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறார். அதற்குப் பிறகுதான் இதை முதல் நாளே சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில் குறுகுறுப்பு, அப்புறம் துடிப்பு, பிறகு உள்ளே தூக்கிப் பிடிப்பதுபோல ஓர் இழுப்பு. அந்த இழுப்பு தெளிவாகவும் வலி இல்லாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தொடையோ பிட்டமோ துள்ளினால் அளவு அதிகம், அல்லது ப்ரோப் நகர்ந்திருக்கிறது. சில நிமிடங்களில் உணர்வு மங்கினால் ஒரு படி ஏற்றலாம்.

இப்போதுதான் முக்கியமான வேலை. ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் 4ஆவது படியில் பழகியபடி முன்பக்கத்தைச் சேர்த்துச் சுருக்குங்கள். ப்ரோப் பின்னால் இருப்பதால் ஆசனவாய்தான் முதலில், பலமாக இறுகும். சும்மா படுத்திருந்தால் உடம்பு அந்தப் பின்பக்க இறுக்கத்தை மட்டுமே கற்றுக்கொள்கிறது. இரண்டு மாதம் தவறாமல் செய்தும் கசிவு அப்படியே இருப்பதாக வருகிறவர்களைச் சுருக்கிக் காட்டச் சொன்னால், பலருக்கு ஆசனவாய் இரும்புபோல இறுகுகிறது, விரைப்பைக்கு அடியில் ஒரு அசைவும் இல்லை. அமர்வின்போது செல்போன் பார்ப்பதை நான் தடுப்பது இதற்காகத்தான்.

ஓய்வு வரும்போது முழுதாகத் தளர்த்துங்கள். தளரத் தெரியாத தசை அடுத்த சுருக்கத்துக்குத் தயாராக இருக்காது. (அவசரக் கசிவுக்கான அமர்வில் இப்படிச் சேர்ந்து சுருக்க வேண்டியதில்லை.)

முடிந்ததும் அளவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, மெஷினை அணைத்து, அதன்பின் ப்ரோபை எடுங்கள். சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி மூடி வையுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே கம்பி அறுந்தாலும் வெளியே தெரியாது.

8. மற்ற தடுமாற்றங்கள்

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். தண்ணீரைக் குறைக்காதீர்கள், காபியையும் டீயையும் குறைத்துப் பாருங்கள்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போவது. பை சிறிய அளவுக்கே பழகிவிடும்.

வேகமாக ஆகட்டும் என்று ஒரு நாளில் இரண்டு மூன்று அமர்வுகள். களைப்பைப் பற்றி மேலே சொன்னேன். காலையில் நன்றாக இருந்து மாலையில் அதிகம் கசிந்தால், அமர்வை மாலைக்கு மாற்றுங்கள் அல்லது நேரத்தைக் குறையுங்கள்.

9. மெஷினை விட்டு விலகுவது

நான்காவது வாரத்திலிருந்தே இதற்குத் திட்டம் வேண்டும். இருமல் வரும்போது கையில் மெஷின் இருக்கப்போவதில்லை.

கரண்டோடு 5 விநாடி சுருக்க வந்துவிட்டால், ஒரு சுற்று கரண்டோடு, ஒரு சுற்று இல்லாமல் என்று மாற்றிச் செய்யுங்கள். பிறகு அதே பயிற்சியை உட்கார்ந்து, அதன்பின் நின்று. படுத்திருக்கும்போது தசையின் மேல் எடை இல்லை, கசிவதோ நிற்கும்போதுதான். அதனால் நிற்கும் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூடவே முன்கூட்டியே சுருக்கும் பழக்கம். எழுவதற்கு முன், இருமுவதற்கு முன், கனமான பொருளைத் தூக்குவதற்கு முன் சுருக்கிவிட்டு, அந்தச் செயல் முடிந்ததும் விடுங்கள். முதலில் நாற்காலியிலிருந்து எழுவதற்கு மட்டும் பழகுங்கள். இருமல் சொல்லாமல் வருவது, அது கடைசியில்தான் கைக்கு வரும்.

10. எப்போது நிறுத்தி டாக்டரிடம் போவது

ஆசனவாயிலோ சிறுநீரிலோ ரத்தம், காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், அமர்வு முடிந்தும் தொடரும் வலி, சிறுநீர் வராமல் அடைப்பது. இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். கசிவு குறைந்துகொண்டே வந்து, திடீரென்று கூடி, தாரையும் மெலிந்தால் தைத்த இடம் சுருங்கிக் குறுகியிருக்கலாம். அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. எத்தனை பேர் அந்த நேரத்தில் அமர்வைக் கூட்டுகிறார்கள் தெரியுமா?

12 வாரத்தில் பேடின் எடை குறையவில்லை என்றால் மெஷினை ஓரம் வைத்துவிட்டு மறுபடி பரிசோதனைக்குப் போங்கள். வகையைத் தவறாகப் பிரித்திருக்கலாம், அல்லது சுருக்குத் தசை பயிற்சிக்கு மீளாத அளவு சேதமாகியிருக்கலாம். நல்ல பயிற்சிக்குப் பிறகும் 6 மாதத்தில் முன்னேற்றமே இல்லாமல் தொல்லை அதிகமாக இருந்தால், குழாயைத் தாங்கும் பட்டையான ஸ்லிங் பற்றியும் செயற்கைச் சுருக்குத் தசை பற்றியும் யூராலஜிஸ்டிடம் பேச ஆரம்பிக்கலாம். மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருந்தால் வழக்கமாக ஒரு வருடம்வரை பார்ப்பார்கள்.

அந்தப் பேச்சுக்குப் போகும்போது முதல் வாரத்து மூன்று நாள் கணக்கையும், நான்கு வாரத்துக்கு ஒன்றாக எடுத்த பேட் எடைகளையும், எந்த அமைப்பில் எத்தனை அமர்வு செய்தீர்கள் என்ற குறிப்பையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்" என்ற பதிலை வைத்து அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது.